குதிகாலைக் கவ்வும், நிழலைத் துரத்தும், கூப்பிட்டால் வராது: ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் வளர்ப்பில் வரும் சிக்கல்களும் சரிசெய்யும் வழிகளும்

ப்ளூ ஹீலர், ரெட் ஹீலர், க்வீன்ஸ்லாந்து ஹீலர் என்று பல பெயர்களில் சொல்லப்படுவது ஒரே இனம்தான்: ஆஸ்திரேலியன் கேட்டில் டாக். தோளுயரம் ஆணுக்கு 46 முதல் 51 செ.மீ., பெண்ணுக்கு 43 முதல் 48 செ.மீ. நடுத்தர உடம்புதான், ஆனால் வேலை செய்யும் வெறி அதிகம். இதை வாங்கியவர்களில் பலர் முதல் வருடத்திலேயே "நாய்க்கு ஏதோ கோளாறு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. மாடு இல்லாத வீட்டில், மாடு ஓட்டும் நாய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். சில சமயம் உண்மையிலேயே உடம்பில் கோளாறு இருக்கும். அதற்கும் "குணம் சரியில்லை" என்று பெயர் வைத்துவிடுவார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்த வழிமுறை. உங்கள் நாயிடம் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. இந்தப் பழக்கம் மெல்ல மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா? நேற்றுவரை நன்றாக இருந்த நாய் ஓரிரு நாளில் மாறியிருந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இந்த இனம் வலியை வெளியே காட்டிக்கொள்ளாது. தொட்டால் உறுமுவது, தீனியைப் பாதியில் விடுவது, ஒதுங்கிப் படுப்பது போன்ற சின்ன மாற்றங்களில்தான் வலி தெரியும்.

அறிகுறி: ஓடும் பிள்ளைகள், விருந்தினர்கள், சைக்கிள் ஓட்டுபவர்களின் குதிகாலைக் கவ்வுகிறது

அதிகம் பேர் தவிப்பது இதில்தான். காரணம் தெரிந்தால் பாதி வழி திறந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸின் அப்பர் ஹன்டர் பகுதியில் பண்ணைகள் வைத்திருந்த தாமஸ் சிம்ப்சன் ஹால், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து பகுதியில் மாடு ஓட்டப் பயன்பட்ட நாய்களை வரவழைத்து, ஆஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவோடு கலந்து ஒரு புது நாயை உருவாக்கினார். சரியாகப் பழகாத மாடுகளை நெடுந்தூரம் நடத்திச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. குரைத்துக்கொண்டே ஓடும் நாய், மாட்டை மிரளவைத்துக் கூட்டத்தைக் கலைத்துவிடும். ஹாலின் நாய் சத்தமில்லாமல் பின்னால் வரும், எடை ஊன்றியிருக்கும் பின்னங்காலின் குதியைச் சட்டென்று கவ்வும், உதை வருவதற்குள் தரையோடு தரையாகப் பதுங்கிவிடும். 1870ல் ஹால் இறந்த பிறகு இந்த நாய்கள் அவர் பண்ணைகளைத் தாண்டிப் பரவின. இன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தை ஓடும்போது நாய் செய்வது அதே காரியம்தான். அது கோபமோ பழிவாங்கலோ இல்லை.

முதலில் கடியின் வகையைப் பாருங்கள். அசைவைப் பார்த்ததும் வருகிறது, முழங்காலுக்குக் கீழே விழுகிறது, கவ்வியதும் விட்டுவிடுகிறது, உடம்பு தளர்வாகவே இருக்கிறது என்றால் அது மேய்ப்புக் கடி. குட்டிக்கு ஏழு மாதம்கூட ஆகவில்லை, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது என்றால் பல் முளைக்கும் பருவம். மெல்லுவதற்குத் தகுந்த பொம்மை கொடுத்தால் போதும். ஆனால் உடம்பு விறைத்து, கண் நிலைகுத்தி, உறுமலோடு வந்து, கை, முகம் என்று மேலே கடித்து விடாமல் பிடித்தால் அது வேறு விஷயம். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. மருத்துவரையும், நாய்களின் நடத்தையில் தேர்ந்த ஒருவரையும் பார்த்தே ஆக வேண்டும்.

மேய்ப்புக் கடிதான் என்று தெரிந்தால் இந்த வரிசையில் போங்கள்:

1. கவ்விய உடனே அசையாமல் நில்லுங்கள். கத்துவது, காலை உதறுவது, ஓடுவது எல்லாம் விளையாட்டைச் சூடேற்றும். அசைவு நின்றால் ஓட்டுவதற்கு மாடு இல்லை.

2. வீட்டுக்குள் மெல்லிய நீளமான லீஷ் ஒன்றைப் போட்டு இழுபட விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். துரத்தக் கிளம்பும் நொடியில் அதன் நுனியை மிதித்தால் போதும், நாயைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை.

3. கிளம்புவதற்கு முந்தைய நொடியைக் கண்டுபிடியுங்கள். தலை தாழும், காது முன்னால் வரும், கண் ஒரே இடத்தில் நிற்கும். அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பினால் பரிசு. கிளம்பிய பிறகு கூப்பிட்டுப் பயனில்லை.

4. ஓடுகிறவர்களைத் தூரத்திலிருந்து பார்க்கப் பழக்குங்கள். பார்த்தும் துரத்தாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் தீனித் துண்டு. நிதானமாக இருக்கும் தூரத்தில் ஆரம்பித்து, நாள்போக்கில் நெருங்குங்கள்.

5. அப்புறம், துரத்த ஒன்றைக் கொடுங்கள். பெரிய பந்துகளை மூக்காலும் தோளாலும் தள்ளி இலக்கில் சேர்க்கும் ட்ரைபால் விளையாட்டு மேய்ப்பு நாய்களுக்காகவே வந்தது. நீங்கள் சொன்னால் போக வேண்டும், சொன்னால் நிற்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியமான பாடம்.

அடிக்காதீர்கள். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாட்டின் உதை வாங்கியும் திரும்பி வந்த நாய்களைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அடி இந்த நாயை நிறுத்தாது, இன்னும் வேகமாகக் கவ்விவிட்டு ஒதுங்கத்தான் கற்றுக்கொடுக்கும். உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், பயிற்சி எவ்வளவு முன்னேறினாலும், ஓடி விளையாடும் நேரத்தில் நாய் தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஓடும் வண்டிகளின் சக்கரத்தைத் துரத்தினாலும் மூலகாரணம் இதுதான். அங்கே பழக்கம் முடியும்வரை லீஷை அவிழ்க்கவே கூடாது. வண்டி என்பது மாடு அல்ல, உதை ஒருமுறைதான் விழும்.

அறிகுறி: செருப்பு, சோபா, கதவு நிலை எல்லாவற்றையும் பிய்த்துப் போடுகிறது

"இன்னும் கொஞ்சம் ஓடவிடுங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓட்டம் வேண்டும்தான். வளர்ந்த ஆரோக்கியமான நாய்க்கு ஒன்றரை இரண்டு மணி நேர நடமாட்டம்கூட அதிகமில்லை. ஆனால் ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இன்னும் அதிகம் ஓடக்கூடிய உடம்புதான் உருவாகும். மூளை சும்மாவே இருக்கும். மந்தையோடு போகும் நாய் நாள் முழுக்க ஓடுவதில்லை. எந்த மாடு பிரியப்போகிறது, எங்கே நிற்க வேண்டும், எப்போது நெருங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கும். உங்கள் நாய்க்கு அந்தக் கணக்குதான் கிடைக்கவில்லை.

எனவே தட்டில் தீனி வைப்பதை நிறுத்திப் பாருங்கள். ஒரு வேளைத் தீனியைப் புல்தரையில் சிதறவிட்டு மோப்பத்தால் தேடவிடலாம். இன்னொரு வேளைத் தீனியைப் பயிற்சியின் பரிசாகவே கொடுத்து முடிக்கலாம். பொருள்களின் பெயர் கற்றுக்கொடுங்கள், ஒளித்துவைத்த பொம்மையைத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள், கீழே விழுந்த துணியைக் கூடையில் போடப் பழக்குங்கள். ஐந்து நிமிடப் பாடம் நாலைந்து முறை கொடுத்த நாளில், நீங்களே வியக்கும்படி நாய் தூங்கும்.

இதே அறிகுறிக்கு நேர் எதிரான காரணமும் உண்டு. குட்டி மாலையானால் கண்மண் தெரியாமல் ஓடி, கண்டதைக் கடித்தால் அது களைப்பு. குட்டிகளுக்கு ஒரு நாளில் 16 முதல் 18 மணி நேரம்வரை தூக்கம் வேண்டும். இந்த இனத்துக் குட்டி தானாகப் படுக்காது. வீட்டில் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்வரை காவல் இருக்கும். சத்தமில்லாத மூலையில் ஒரு க்ரேட் (நாய் படுக்கும் கூண்டு), மேலே போர்வை, மெல்லுவதற்கு ஒரு பொம்மை. அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டால் காரணம் உறுதியாகிவிட்டது.

அறிகுறி: நிழலையும் சுவரில் விழும் வெளிச்சத்தையும் துரத்துகிறது, வாலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது

முதலில் பார்க்கும்போது வேடிக்கையாக இருக்கும். படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பத் தோன்றும். தயவுசெய்து சிரித்து உற்சாகப்படுத்தாதீர்கள். அசைவைக் கண்டால் பின்தொடரும் உள்ளுணர்வுக்கு முடிவே கிடைக்காதபோது அது ஒரு வெறியாக இறுகிவிடும். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்துகிறது, அதனால் "வேலை முடிந்தது" என்ற நிறைவும் வருவதில்லை. லேசர் விளக்கால் விளையாட்டுக் காட்டுவது இந்தப் பிரச்சினையை நேராக வரவழைக்கும். இந்த இன நாய் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

எப்போதாவது, சலிப்பான நேரத்தில் மட்டும், கூப்பிட்டால் விட்டுவிடுகிறது என்றால் முந்தைய பகுதியில் சொன்ன மூளை வேலையும், திரைச்சீலை போட்டு வெளிச்சத்தை மறைப்பதும் போதும். கூப்பிட்டாலும் காதில் விழவில்லை, தீனியைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை, வாலில் ரத்தம் வருகிறது என்ற நிலைக்கு வந்திருந்தால் பயிற்சியால் மட்டும் மாற்ற முடியாது. ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பு, தோல் அரிப்பு, முதுகு வலி, வலிப்பின் ஒரு வகை ஆகியவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். சில நாய்களுக்கு மருந்தும் தேவைப்படும். அதில் தயங்க ஒன்றுமில்லை.

அறிகுறி: கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை

பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன் காதைச் சோதியுங்கள். பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் அறியப்பட்ட குறை. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் நிறமியோடு தொடர்புடையது. இந்தக் குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாக இருக்கும் (முகத்திலோ உடம்பிலோ திட்டுகள் இருக்கலாம்), நீலமோ சிவப்போ சில வாரங்களில்தான் ஏறும். உள்காதில் நிறமி அணுக்கள் இல்லாமல் போனால் கேட்கும் நரம்பு முனைகள் பிறந்த சில வாரங்களில் செயலிழந்துவிடும்.

வீட்டில் பார்க்கும் முறை: நாய் தூங்கும்போதோ வேறு பக்கம் பார்க்கும்போதோ பின்னாலிருந்து, அதன் பார்வையில் படாமல், தரை அதிராமல், காற்று படாமல் ஒரு சத்தம் எழுப்புங்கள். சாவிக்கொத்து போதும். காது அசைகிறதா? அசைந்தாலும் முழு நிம்மதி இல்லை. ஒரு காது மட்டும் கேட்கும் நாய் சத்தத்துக்குத் திரும்பும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவறான திசையில் தேடும். உறுதியாகச் சொல்வது பேயர் எனப்படும் மின்பதிவுச் சோதனை மட்டும்தான். குட்டி ஐந்து வாரம் தாண்டியதும் அதைச் செய்யலாம், வலி கிடையாது. வாங்கும் முன்பே வளர்ப்பவரிடம் இந்தச் சோதனை முடிவைக் கேளுங்கள்.

இரண்டு காதும் கேட்காத நாயைக் கை சைகையால் மிக நன்றாகவே பழக்கலாம்; கண்ணால் ஆளைக் கவனிப்பது இந்த இனத்தின் இயல்பு. வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிடாமல் இருப்பதும், தூங்கும்போது திடுக்கிட எழுப்பாமல் இருப்பதும்தான் முக்கியம்.

காது நன்றாக இருக்கிறது, வயது ஆறு முதல் பதினெட்டு மாதம் என்றால் அது விடலைப் பருவம். பத்து மீட்டர் நீளக் கயிற்றில் கட்டிப் பழக்குங்கள். வந்ததும் லீஷைப் போட்டு வீட்டுக்கு இழுத்துப்போகும் வழக்கத்தை விடுங்கள். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை பரிசு கொடுத்து மறுபடி விளையாட அனுப்ப வேண்டும்.

அறிகுறி: இருட்டில் தயங்குகிறது, படியில் தடுமாறுகிறது

படிப்படியாக விழித்திரை நலியும் பரம்பரை நோய் இந்த இனத்தில் உண்டு. முதலில் இரவுப் பார்வை போகும், பகலில் குறை எதுவும் வெளியே தெரியாது. கண்மணி விரிந்தே இருப்பது, வெளிச்சம் பட்டால் கண் பளபளவென்று தெரிவது போன்றவை துணை அறிகுறிகள். இதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மரபணுச் சோதனை இருக்கிறது, அதை இனப்பெருக்கத்துக்கு முன் செய்ய வேண்டும். பார்வை போன நாய் பழகிய வீட்டில் நன்றாகவே வாழும், மேசை நாற்காலியை மட்டும் இடம் மாற்றாதீர்கள்.

அறிகுறி: புது ஆட்களைக் கண்டால் விறைக்கிறது, குரைக்கிறது

ஆஸ்திரேலிய எழுத்தாளரும் நாய் வளர்ப்பாளருமான ராபர்ட் கலெஸ்கி எழுதிய முதல் இன வரையறை (இந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக்குறிப்பு) 1903ல் நியூ சவுத் வேல்ஸில் ஏற்கப்பட்டது. இன்றைய வரையறை, அந்நியரைச் சந்தேகிப்பது இதன் இயல்பு என்றே சொல்கிறது. கூடவே, தொட்டுக் கையாள இடம்கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு "நல்ல காவல் நாய்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது பாதியை நீங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம்வரை பார்த்த மனிதர்கள், சத்தங்கள், தரைகள்தான் வாழ்நாள் முழுக்க "சாதாரணம்" என்று பதியும். அந்தக் காலம் தாண்டிவிட்டதா? பரவாயில்லை, மெதுவாக நடக்கும். வருபவர் நாயைப் பார்க்கவோ தொடவோ வேண்டாம், பக்கவாட்டில் நிற்கட்டும், தீனித் துண்டைக் கையில் நீட்டாமல் நாய்க்குப் பின்னால் எறியட்டும். பின்னால் எறிந்தால் நாய் விலகிப் போய்த் தின்றுவிட்டு, வேண்டுமென்றால் தானாகத் திரும்பி வரும். கையில் நீட்டினால் தீனிக்காக நெருங்கிவிட்டு, அருகில் வந்ததும் பயந்து கடிக்கும். கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் கவசத்தைச் சின்ன வயதிலேயே, தீனி தடவிக் கொடுத்துப் பழக்கி வையுங்கள். மருத்துவமனையில் எல்லோருக்கும் அது நிம்மதி.

அறிகுறி: ஒருவரை மட்டுமே நிழலாகத் தொடர்கிறது, அவர் போனால் ஊளையிடுகிறது

ஓரளவு இது இனத்தின் குணம். குளியலறை வாசலில் காத்திருப்பதெல்லாம் சிக்கலே இல்லை. தனியாக விட்டால் எச்சில் ஒழுகுவது, கதவைப் பிறாண்டி நகம் உடைவது, தீனியைத் தொடாமல் இருப்பது ஆகியவைதான் சிக்கல். ஆள் இல்லாதபோது கைப்பேசியில் படம்பிடித்துப் பாருங்கள். சலிப்பா பதற்றமா என்று அதில் தெரிந்துவிடும். பதற்றம் என்றால் சில நொடிப் பிரிவிலிருந்து ஆரம்பித்து, பதறாத அளவுக்கு மட்டும் நேரத்தைக் கூட்ட வேண்டும். தீனி, நடை, விளையாட்டு என்று வேலைகளை வீட்டில் இருப்பவர்கள் பிரித்துக்கொள்வதும் உதவும்.

அறிகுறி: கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது

இரட்டை முடியடுக்கு உள்ள நாய், உள்முடியை வருடத்தில் ஓரிரு முறை மொத்தமாக உதிர்க்கும். அந்த வாரங்களில் தினமும், மற்ற நாளில் வாரம் ஒருமுறை சீவினால் போதும். மழிக்க வேண்டாம், வெயிலையும் ஈரத்தையும் தடுப்பது அந்த முடிதான். வழுக்கைத் திட்டு, அரிப்பு, செதில், நாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: நொண்டுகிறது, அல்லது வண்டியில் ஏறத் தயங்குகிறது

நொண்டல் வெளியே தெரிந்துவிட்டால் வலி ஏற்கனவே கணிசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் முள், வெட்டு, உடைந்த நகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறை, முழங்கால் தசைநார்க் கிழிசல் ஆகியவை சந்தேகத்தில் முதலில் வரும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், ஐபுப்ரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்; தட்டுப்படவில்லை என்றால் எடையைக் குறைப்பதே மூட்டுக்குப் பெரிய வைத்தியம். எலும்பு வளர்ச்சி முடியும்வரை, அதாவது ஒரு வயது தாண்டும்வரை, உயரத் தாண்டும் விளையாட்டு வேண்டாம்.

இந்த இனத்தில் நீண்ட ஆயுள் வாழ்ந்த நாய்கள் உண்டு. விக்டோரியாவில் ப்ளூயி என்ற நாய் 1910லிருந்து 1939வரை 29 வருடம் 5 மாதம் வாழ்ந்தது. அதில் ஏறக்குறைய 20 வருடம் ஆடு மாடுகளோடு வேலை செய்தது. எல்லா நாயும் அப்படி வாழாது. ஆனாலும் பத்து வயது நாய் நொண்டினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவது அதற்கு நாம் செய்யும் அநியாயம்.

அறிகுறி: விளையாடும்போது நாக்கு அகன்று தொங்குகிறது, தள்ளாடுகிறது

இது உடம்பு அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதன் அறிகுறி. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது என்றால் விளையாட்டை உடனே நிறுத்துங்கள். வேலை இருக்கும்வரை இந்த நாய் தானாக நிறுத்தாது. பந்தை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள், குடிக்கத் தண்ணீர் வையுங்கள், கட்டாயமாக வாயில் ஊற்ற வேண்டாம். ஈரத் துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். நாயின் இயல்பான உடல்வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. முதலில் குளிர்வியுங்கள், பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் போக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

எல்லாம் செய்தும் மாறவில்லை

ஆறு வாரம் ஒரே முறையைத் தொடர்ந்து செய்தும் மாற்றமில்லை என்றால் உதவி தேடுங்கள். வெறுங்கையோடு போகாமல், ஒரு குறிப்பேடு கொண்டுபோங்கள்: சம்பவம் எந்த நேரத்தில் நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நாய் எவ்வளவு தூங்கியிருந்தது, என்ன தின்றது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். கூடவே இரண்டு மூன்று வீடியோ. மருத்துவமனை மேசையில் நாய் அமைதியாக நிற்கும். வீட்டில் நடப்பதை மருத்துவருக்குக் காட்டப்போவது அந்த வீடியோதான். பயிற்சியாளர் முதல் நாளே மின் அதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை எடுத்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.